கிளட்ச் இல்லாத லாரி

நேற்று நம் மகள் புதுக் கார் வாங்கினாள். டில்லி துவாரகாவில் உள்ள நம் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து விட்ட பையன், கிளட்ச்சே கிடையாது, ஓட்ட ஒரு கால் போதும் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு காலுக்காக நீங்கள் பட்ட பாடும், என்னைப் படுத்திய பாடும் அவனுக்கு எங்கே தெரியும்?

போரில் இடது காலை இழந்து டில்லிக்கு வந்தீர்கள். ராணுவத்தில் லாரி ஓட்டியவர், கிளட்ச் மிதிக்க முடியாமல் புசா ரோடு வீட்டில் முடங்கினீர்கள். நான் அலுவலகம் கிளம்பினால், "சீமாட்டி சம்பாதிக்கப் போறா" என்பீர்கள். பிறகு ஒருநாள், ராணுவம் கழித்துப்போட்ட பழைய பெட்ரோல் லாரி ஒன்று வாசலுக்கு வந்தது. ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய கிளட்ச் வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்தீர்கள். சர்தார்ஜி மெக்கானிக் அதைப் பொருத்திக் கொடுத்தார். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரில் மட்டும் கைவைக்க மாட்டேன் என்று போய்விட்டார்.

அந்த வேலை நம் தலையில் விழுந்தது. கார்புரேட்டரை ஒரு கம்பியால் கியர்பாக்ஸோடு இணைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று அப்போதுதான் கியர்பாக்ஸுக்குத் தெரியும். கம்பியை மாட்டப் பழைய கார்புரேட்டரில் இடமே இல்லை. இரும்புத் தகட்டில் கைபோல் ஒரு துண்டு வெட்டி, ராவி, பற்றவைத்தீர்கள். அதன் பிறகும் பிரேக்கில் நின்றால் எஞ்சின் அணைந்தது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் லாரி தானாக நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பிரேக்கை மிதித்தபடி உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள். நான் பானெட்டுக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பேன். ஒருமுறை உங்கள் கால் வழுக்கியது. லாரி என்னைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. பின்னால் எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தீர்கள். அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"ஸ்க்ரூவ எவ்ளோ திருவின? சொல்லுடி, மறந்துடப் போற!"

கடைசியில் சரியானது. ஒரு காலையில் என்னை ஏற்றிக்கொண்டு இந்தியா கேட் வரை ஓட்டினீர்கள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எஞ்சின் அணையாமல் உறுமியது. "பாத்தியாடி!" என்று என் தோளில் தட்டினீர்கள். நம் கல்யாண வாழ்க்கையில் நீங்கள் என்னிடம் சந்தோஷமாகப் பேசியது அன்றுதான்.

ஓட்ட அனுமதி வாங்கப் போனபோது, வண்டியைச் சோதிக்க வேண்டிய அதிகாரி பானெட்டைத் திறக்கவேயில்லை. மடித்துக் குத்தியிருந்த உங்கள் பேண்ட்டைப் பார்த்தார். "லங்டா டிரக் சலாயேகா?" நொண்டி லாரி ஓட்டுவானாம்! சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நீங்கள் அரைகுறை இந்தியில் கார்புரேட்டரைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தீர்கள். அவர் அடுத்த வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

அனுமதி கிடைக்காத லாரியை விற்றுவிட்டீர்கள். வாங்கியவன் நம் வாசலிலேயே உங்கள் கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுக் கிளட்ச்சை மாட்டினான். நீங்கள் பற்றவைத்த இரும்புக் கையைச் சுத்தியலால் அடித்து உடைத்தான். நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தீர்கள். உள்ளே வாங்க என்றேன்.

"நீ போடி, ரெண்டு கால்காரி."

அதன் பிறகு எனக்கு அதுதான் பெயர். மகள் எதிரிலும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். சில வருடம் பொறுத்துவிட்டு, நான் டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு பழைய கார் வாங்கினேன். "நீ ஓட்டற வண்டில என் பொணங்கூட ஏறாது" என்றீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். நெஞ்சு வலித்த அந்தக் காலையிலும் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கெஞ்சினேன். என்னைத் தள்ளிவிட்டு மகளோடு ஆட்டோவில் ஏறினீர்கள். நான் பின்னாலேயே ஓட்டி வந்தேன். மேம்பாலத்தின் ஏற்றத்தில் என் கார் திணறிக் குலுங்கியது. முன்னால் போன ஆட்டோவிலிருந்து உங்கள் கை வெளியே நீண்டு, கியரை இறக்கு என்று சைகை காட்டியது. இறக்கினேன். கார் ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் நான் ஓடிவந்து சேர்ந்தபோது உங்களுக்கு மூச்சில்லை.

அந்தக் கை அக்கறையில் நீண்டதா, நான் ஓட்டிய லட்சணத்தைப் பொறுக்காமல் நீண்டதா என்று யாரிடம் கேட்பேன்? உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. இன்றும் ஏற்றம் வந்தால் அந்தக் கை தெரிகிறது. உங்களைத் திட்டிக்கொண்டே கியரை இறக்குகிறேன்.