பிஸ்கட் டப்பாவும் சம்பந்தி வீட்டாரும்

அன்பு மகள் ரின்ஸ்கேக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் இடுப்பு ஒன்றுதான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது ஏன் என்று கீழே வரும். நியூசிலாந்தில் உனக்கு இப்போது குளிர் விட்டிருக்கும், அந்த இருமல் போனதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று மறைக்காமல் எழுது. நாங்கள் பிரான்சிலிருந்து நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தோம். அழுக்குத் துணி மூட்டை கூடத்திலேயே கிடக்கிறது, ஆனால் இதை உனக்கு எழுதாமல் துவைக்கப் போக மனசு வரவில்லை. போனில் சொல்லலாம்தான், சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரிப்பு வந்து தொண்டையை அடைக்கிறது. நேற்று உன் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன், எனக்கு வலிப்பு வந்துவிட்டதென்று பயந்து அவள் தண்ணீர் எடுத்துவர ஓடினாள். அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

உன் தம்பி யெல்மர் பிரான்சின் பிரெத்தாஞ் கடற்கரையில் படகுப் பட்டறை வேலைக்குப் போனவன், சோலென் என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்த கதை உனக்குத் தெரியும். அடுத்த வருடம் நம் ஊர்ப் பட்டறைக்கே வேலை மாற்றிக்கொண்டு வருகிறான், அவளையும் கல்யாணம் செய்து கூட்டிவர ஆசை. அவளுக்கும் ஆசைதான், ஆனால் அவள் ஒரே மகள், அம்மா மனதாரச் சரி என்று சொல்லாமல் ஊரை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா பெயர் ஆனிக், அந்த ஊரில் அப்பக் கடை வைத்திருக்கிறார், கையகலத்துக்கு இல்லை, கல்லகலத்துக்கு, காகிதம் போல மெல்லிசாக ஊற்றித் தருவார்களே அந்த அப்பம். அவர் மகளிடம் சொன்னாராம், "அந்த ஊர்ல மத்தியானம் ரெண்டு துண்டு ரொட்டியக் கடிச்சிட்டு எந்திரிச்சிருவாங்களாமே, நீ போயி அங்க பட்டினி கெடக்கணுமா? மொதல்ல அவனப் பெத்தவங்கள என் கண்ணால பாக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்று. ஆக, எங்களைப் பெண் வீட்டார் பார்க்க நாங்கள் கிளம்பிப் போனோம்.

உன் அப்பாவுக்குப் பரம சந்தோஷம். "விடுமுறையும் ஆச்சு, சம்பந்தமும் ஆச்சு, பெட்ரோல் ஒரே செலவுதான்" என்றார். பள்ளிக்கூடம் திறந்த பிறகு வாடகை பாதியாகிவிடும் என்று செப்டம்பர் வரை காத்திருந்தார். நாமே சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒரு கல் வீடு பிடித்தார், படுக்கை விரிப்புக்குத் தனிக் காசு என்றதும் நம் விரிப்புகள் வண்டியில் ஏறின, கடைசி நாள் துடைத்துப் பெருக்கத் தனிக் காசு என்றதும் நம் துடைப்பமும் ஏறியது. சாப்பாட்டுச் சாமானைக் கேட்காதே. உருளைக்கிழங்கு ஒரு சாக்கு, அரைச் சக்கரம் பாலாடைக்கட்டி, ஆப்பிள் கூழ் பாட்டில்கள், வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டிமேல் தூவுகிற சாக்லேட் துகள், காப்பித்தூள், பொட்டலம் பொட்டலமாக அப்ப மாவு, ஏன், கழிவறைக் காகிதம்கூட விடவில்லை. "பிரான்சுல இதெல்லாம் இருக்காதா?" என்று கேட்டேன். "இருக்கும், விலையோட இருக்கும்" என்றார். அந்த உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுங்கச் சாலையைத் தொடமாட்டேன் என்று மாட்டு வண்டி போகிற பாதையெல்லாம் ஓட்டி, பிரான்சு முழுக்க எத்தனை தேவாலயக் கோபுரம் உண்டோ அத்தனையும் காட்டிவிட்டார். வண்டிக்குப் பின்னால் கட்டிய மிதிவண்டிகள் வேறு, எங்களைப் பார்த்ததுமே எந்த நாட்டுக்காரர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முதல் சில நாள் சொர்க்கம்தான் போ. கடல் உள்வாங்கியதும் ஊரே வாளியோடு போய் மணலைத் தோண்டிச் சிப்பி எடுக்கிறது, காசே கிடையாது. உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "வீட்ஸ்கே, கடையே இல்லாத கடை பாரு!" என்று முழங்கால் வரை நனைந்துகொண்டு கத்துகிறார். நான் சரியாக அலசாமல் வேகவைத்துவிட்டேன், அன்று நாங்கள் தின்றதில் பாதி மணல். சூப்பர் மார்க்கெட்டுக்கும் தினம் போனார், வாங்குவதற்கு இல்லை, விலையைப் படித்துப் பார்த்து, நம் வண்டியில் வந்த சாமானை நினைத்து உள்ளம் குளிர்ந்து திரும்பி வருவதற்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆனிக்கையும் அவர் கணவர் எர்வேயையும் கூப்பிட வேண்டுமே என்று நானே அப்பக் கடைக்குப் போய், எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையில், வியாழக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஊரில் எட்டு மணி என்றால் என்ன, சாப்பாடெல்லாம் முடித்துக் காப்பி குடிக்கிற நேரம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்கு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, மேஜையில் பூ வைத்துக் காத்திருந்தோம். யெல்மர் பட்டறையிலிருந்து நேரே வருவதாகச் சொல்லியிருந்தான்.

வந்தார்கள். ஆனிக் பட்டுச் சட்டையில், எர்வே கையில் இரண்டு வைன் பாட்டில், சோலென் கையில் பூங்கொத்து. எங்களுக்காக அன்று மாலை கடையையே அடைத்துவிட்டு வந்திருந்தார்கள், அதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உட்கார வைத்துக் காப்பி ஊற்றினேன். எர்வே கோப்பைக்கு அடியில் இருந்த காகிதக் கைக்குட்டையை உருவி, விரித்து, கழுத்தில் செருகிக்கொண்டார். இந்த ஊரில் காப்பிக்கே இவ்வளவு ஏற்பாடா என்று நினைத்தேன். உன் அப்பா நம் நீல பிஸ்கட் டப்பாவைத் திறந்தார், சுற்றி நீட்டினார், ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், டப் என்று மூடினார். அந்தச் சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் நீ இரண்டாவது கேட்டால் "நாளைக்கும் காப்பி உண்டு" என்பாரே. எர்வே பிஸ்கட்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தார். ஆனிக் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார், அடுப்பே எரியாத வீட்டில் என்ன வாசனை வரும்? சோலென் முகத்தில் ஈயாடவில்லை. உன் அப்பா இதெதுவும் தெரியாமல் சுங்கச் சாலையில் மிச்சம் பிடித்த கதையைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பெண் அதை ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் யெல்மர் உள்ளே வந்தான். கோப்பைகளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். "அம்மா, சாப்பாடு எங்க?" என்றான். ஆறு மணிக்கே சாப்பிட்டாச்சே, உனக்கு வேணும்னா ரொட்டி இருக்கு என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, இந்த ஊர்ல எட்டு மணிக்கு வாங்கன்னா சாப்பிட வாங்கன்னு அர்த்தம்மா! அவங்க பசியோட ஒக்காந்திருக்காங்க!" என்றான். மகள் பட்டினி கிடப்பாளோ என்று பார்க்க வந்த மனுஷிக்கு நாங்களே பட்டினி போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறோம். கிராமத்தில் கடையெல்லாம் அடைத்தாயிற்று. யெல்மர் கண் கலங்கி நின்றான், அவ்வளவு பெரிய பையன்.

உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன். நேரே சாமான் அறைக்குப் போனார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார், மிச்ச நாளுக்கென்று அளந்து வைத்தது அத்தனையும். பிறகு அப்ப மாவுப் பொட்டலத்தைக் கிழித்தார். "அப்பக் கடைக்காரிக்கே அப்பமா, மானம் போகும்" என்று கிள்ளினேன். "போறதுக்கு இனிமே என்ன பாக்கி இருக்கு, வாணலிய எடு" என்றார். நம் வீட்டுப் பாணியில் பன்றிக்கறித் துண்டு பதித்துத் தடியாக ஒன்று சுட்டு ஆனிக் முன்னால் வைத்தார். அந்த அம்மா முள்கரண்டியால் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார், மேல்பக்கம் பார்த்தார், ஒரு வாய் தின்றார். "இது அப்பம் இல்ல, மெத்தை" என்றார். சொல்லிவிட்டு அடுத்த வாயும் எடுத்துக்கொண்டார். எர்வே சிரித்தாரே ஒரு சிரிப்பு! அதற்குமேல் ஆனிக்கால் உட்கார முடியவில்லை, என் சமையல் மேலங்கியைப் பறித்துக் கட்டிக்கொண்டு, "நகருங்க, அந்த மாவுக்குக் கொஞ்சம் உயிர் குடுக்கறேன்" என்று பாலை ஊற்றி நீர்க்கக் கலக்கினார். வெண்ணெய் கேட்டார், நான் நம் தாவர வெண்ணெய் டப்பாவைக் கொடுத்தேன், மோந்து பார்த்துவிட்டு எர்வேயை வீட்டுக்கே துரத்தினார், அவர் உப்பு வெண்ணெயும் ஆப்பிள் மதுவும் அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஒரு பக்கம் உன் அப்பா மெத்தை சுட, மறு பக்கம் அந்த அம்மா காகிதம் சுட, சோலெனும் யெல்மரும் எதற்கு ருசி அதிகம் என்று சண்டை போட, பெட்டிகள் காலி.

எல்லாம் முடிந்து மறுபடி காப்பி ஊற்றினேன். உன் அப்பா டப்பாவைத் திறந்து சுற்றி நீட்டினார், பிறகு மேஜை நடுவில் வைத்தார். மூடியைப் பூச்சாடிமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். யெல்மர் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எர்வே கைநிறைய அள்ளினார். யெல்மர் சோலென் காதில் ஏதோ சொல்ல, அவள் அம்மா காதில் சொல்ல, ஆனிக் நேராகவே கேட்டார், "இந்த டப்பா இதுவரைக்கும் தொறந்தே இருந்ததில்லையாமே, நெசமா?" உன் அப்பாவுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. "ஆமாங்க. இன்னிக்கு உங்களப் பசியோட ஒக்கார வெச்சிட்டேன், எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. உங்க பொண்ணு எங்க வீட்ல ஒரு நாளும் பசியோட எந்திரிக்க மாட்டா. இனிமே இதுக்கு மூடி கெடையாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனிக் டப்பாவுக்குக் கையை நீட்டினார். ஒரு பிஸ்கட் எடுத்துத் தின்றார். இன்னொன்றும் எடுத்தார். "மே மாசம் உங்க ஊர்லயே வெச்சுக்கலாம், அப்போ பனி இருக்காது" என்றார். சோலென் என் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் என் கண்ணாடி வளைந்துபோனது.

டப்பாவை அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தோம். சாமான் எல்லாம் தீர்ந்ததால் மிச்ச நாளெல்லாம் ஆனிக் வீட்டில்தான் சாப்பாடு, வேண்டாம் என்றால் அடிக்க வந்துவிடுவார். ஆகவே நம் குடும்பம் இதுவரை போனதிலேயே செலவு குறைந்த விடுமுறை இதுதான் என்று உன் அப்பா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கிளம்பும்போது ஆனிக் வண்டி ஜன்னலில் குனிந்து என்ன சொன்னார் தெரியுமா, "கல்யாணத்துக்குக் கட்டாயம் வர்றோம், தப்பா நெனைக்காதீங்க, சாப்பாட்டுச் சாமானெல்லாம் நாங்களே கார்ல ஏத்திக்கிட்டு வந்துருவோம்." உன் அப்பா என் தொடையில் தட்டி, "பாத்தியா, இவங்கதான் நமக்கேத்த சம்பந்தி!" என்றார்.

நல்ல உடம்போடும் நிறைந்த வயிற்றோடும் நீ இருக்கக் கடவுள் துணை இருக்கட்டும். மே மாதத்துக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடு, டிக்கெட் விலையைப் பார்த்து மலைக்காதே, பாதியைத் தானே தருவதாக உன் அப்பா அவராகவே சொல்லிவிட்டார், நான் கேட்கக்கூட இல்லை. இன்று காலை கடைக்குப் போய்ப் புது பிஸ்கட் டப்பா ஒன்று வாங்கி வந்திருக்கிறார். மூடியைக் காணவில்லையே என்று கேட்டேன், கடையிலேயே விட்டுவிட்டு வந்தாராம்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வீட்ஸ்கே