சங்கு ஊதிட்டு பதில் சொல்லு

10-6-2013, திங்கள்

இன்னிக்கு காலையில எங்க வீட்டுல இருந்தவங்க: நான், மருமகள் மரகதம், பேத்தி யுவஸ்ரீ, மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கிற சங்கரன்கோவில் பொண்ணு தங்கமாரி. இன்னொரு ஆளும் இருந்தான். என் வீட்டுக்காரரோட தம்பி. காபி குடிச்சான். அவன் பேரை இந்த டைரியில எழுதறதில்லைன்னு வச்சிருக்கேன்.

யுவஸ்ரீக்கு ஒரகடத்துல வேலை கிடைச்சிருக்கு, மெஷினுக்கு வயரும் கம்ப்யூட்டரும் பார்க்கிற வேலை. கார் சாமானுக்கு பெயிண்ட் அடிக்கிற கம்பெனி. மூணு மாசம் பார்த்துட்டுதான் நிரந்தரம் பண்ணுவாங்களாம். தங்கமாரி அங்கதான் பெயிண்ட் பூத்ல, பெயிண்ட் அடிக்கிற மூடின ரூம்ல, இருக்கா. ஆள் எடுக்கறாங்கன்னு அவ வந்து சொன்னதாலதான் இவ போனா. தங்கமாரி நல்லா இருக்கணும்.

யுவஸ்ரீ லேப்டாப்புக்கு குங்குமம் வைக்கப் போனேன். "ஆயா, உள்ள கொட்டிடும்"னு கத்தினா. மூடிட்டு மேல வச்சேன்.

மறந்துபோகும்னு நான் எழுதறதில்லை. எனக்கு எதுவும் மறக்காது. மத்தவங்க மறந்துட்டோம்னு சொல்லும்போது எடுத்துக் காட்டறதுக்குத்தான்.

14-6, வெள்ளி

அந்தக் கம்பெனி ஷிப்ட் இன்சார்ஜ் யாக்கோபுன்னு ஒரு ஆள். "பொம்பளைப் புள்ளைக்கு வயர் வேலை எதுக்கு, ஆபீஸ்ல ஃபைல் பாரு"ன்னானாம். எழுதி வச்சுட்டேன்.

23-6, ஞாயிறு

பகல்ல கூடத்துல உட்கார்ந்து யுவஸ்ரீ எனக்கு வேலையைக் காட்டினா. பூத்ல பெயிண்ட் புகையை வெளிய இழுக்கிற ஃபேன் ஒண்ணு கீதாம். அது நின்னா உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டும். கம்ப்ரசர் சத்தத்துல அது நின்னதே தெரியாதாம். அதனால ஃபேன் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி. ஃபேன் நின்ன உடனே அது யாக்கோபு ரூம் கம்ப்யூட்டருக்கு சேதி அனுப்பும். கம்ப்யூட்டர் "கெடைச்சுது"ன்னு பதில் சொல்லும், பூத்ல இருக்கிற சங்கை, அதான் சைரனை, ஊத வைக்கும். ரெண்டு பக்கமும் பேசறதை இவ எழுதணும்.

"எல்லாத்தையும் நீயேவா எழுதற?"

"இல்ல ஆயா. அனுப்பறது, வாங்கறது எல்லாம் லைப்ரரில, ரெடியா எழுதி வச்ச ப்ரோக்ராம்ல கீது. யாரோ எழுதி எல்லாருக்கும் சும்மா குடுத்திருக்காங்க. நான் அதைக் கூப்பிட்டு நாலு வரி எழுதறேன், அவ்ளோதான்."

கடையில விக்கிற மாவு பாக்கெட் மாதிரின்னு புரிஞ்சுது. அரைச்சது யாரோ. தோசை கருகினா மட்டும் நம்ம பேரு. முகம் தெரியாதவங்களுக்கு சும்மா குடுத்தவன் எந்த ஊரோ, அவன் பிள்ளை குட்டி நல்லா இருக்கணும்.

லேப்டாப்ல என்னையும் ஒரு பட்டனை அமுக்கச் சொன்னா. சேதி போச்சு. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள யாக்கோபு ரூம் கம்ப்யூட்டருக்குப் பதிலா கூடத்துல வச்சிருந்த பழைய கம்ப்யூட்டர்ல இருந்து பதில் வந்துது.

எனக்கு அக்கா செங்கமலம் ஞாபகம். 1987, ஆனி மாசம். மணிமங்கலத்துல அவ படுத்த படுக்கை. அங்க போன என் கொழுந்தன்கிட்ட "காமாட்சியை ஒரு தரம் வரச் சொல்லு, பார்க்கணும்"னு சொல்லி அனுப்பினா. "சரி, சொல்லிடறேன்"னான். படப்பையில இறங்கி சிநேகிதன் வீட்டுல ரெண்டு நாள் சீட்டாடினான். பிள்ளைப்பாக்கம் எங்க வீட்டுக்கு வந்தும் வாயைத் திறக்கலை. நான் போய் நின்னது சாம்பல்கிட்ட.

யுவஸ்ரீக்கு இந்தக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பேன். "தெரியும் ஆயா"ன்னா. தெரிஞ்சா என்ன, இன்னொரு தரம் கேட்டா காது தேஞ்சுடுமா?

4-7, வியாழன்

பெட்டி மாட்டியாச்சு. சங்கு நல்லா ஊதுதாம். பிள்ளையாருக்கு தேங்காய் உடைச்சேன்.

16-7, செவ்வாய்

தங்கமாரி பூத்ல விழுந்துட்டா. ஃபேன் நின்னிருக்கு. சங்கு ஊதலை. பக்கத்து லைன் ஆளுங்க தூக்கினு வந்தாங்களாம். தண்டலத்து ஆஸ்பத்திரி. மூக்குல குழாய். பெத்தவங்க சங்கரன்கோவில்ல இருந்து வந்து சேர எவ்ளோ நேரம் ஆகும்? நான் என்ன சொல்லுவேன் — என் பேத்தி வச்ச சங்குன்னா?

17-7, புதன்

கண் திறந்துட்டா. "ஆச்சி, சாப்பிட்டியளா?"ன்னு என்னைக் கேக்கறா. விழுந்து கிடக்கிறவ கேக்கிற கேள்வியா இது? முருகா, உனக்கு கோடி கும்பிடு.

18-7, வியாழன்

யாக்கோபை வேலைக்கு வர வேணாம்னு நிறுத்தி வச்சுட்டாங்க. அவன் கம்ப்யூட்டர் "கெடைச்சுது"ன்னு பதில் சொன்னது நேரத்தோட பதிவாகியிருக்காம். சேதி வந்தும் சும்மா இருந்தான்னு பேச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, இருந்துது.

சாயங்காலம் யுவஸ்ரீ சாப்பிடாம உட்கார்ந்திருந்தா. அப்புறம் சொன்னா:

"தப்பு என்னுது ஆயா. பதில் சீக்கிரம் போகட்டும்னு முதல்ல 'கெடைச்சுது'ன்னு சொல்ற மாதிரி எழுதிட்டேன். அப்புறம் இன்சார்ஜ் ஃபோனுக்கு எஸ்.எம்.எஸ்., அப்புறம் சங்கு. அன்னிக்கு எஸ்.எம்.எஸ். போகாம அங்கேயே நின்னுடுச்சு. சங்கு வரைக்கும் வரவே இல்ல. அந்தப் பெட்டியும் பதில் வந்துடுச்சுன்னு மறுபடி அனுப்பலை."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்போ வாயை மூடினு இரு. அந்த ஆள் உன்னை இன்னா சொன்னான்? போவட்டும்."

நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

யுவஸ்ரீ என்னையே பார்த்தா. "சின்னத் தாத்தாவை இருபத்தாறு வருஷமா திட்டினுகீறியே. அவரு பண்ணதைத்தானே நானும் பண்ணியிருக்கேன்? சரின்னு சொல்லிட்டு சொல்லாம போனேன். இப்போ இல்லவே இல்லைன்னு வேற சொல்லணுமா?"

எழுந்து போய் தட்டைக் கழுவினேன். கழுவின தட்டைத்தான் மறுபடி கழுவினேன்.

19-7, வெள்ளி

ஆறரை வண்டிக்குப் போயிட்டா. போகும்போது "சொல்லப் போறேன்"னா. தலையை ஆட்டினேன்.

மணி பதினொண்ணு. ஃபோன் இல்லை.

மணி ரெண்டு. இல்லை. மரகதம் என்னை முறைக்கிறா, "நீங்களாவது தடுத்திருக்கலாம் அத்தே"ன்னு.

ஆறு மணிக்கு வந்தா. மேனேஜர் முன்னாடி எல்லாத்தையும் சொல்லியிருக்கா. யாக்கோபை திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. இவளுக்கு நிரந்தரம் இப்போ கிடையாது, இன்னும் மூணு மாசம் தள்ளி. துரத்தலை. அது போதும், சாமி.

நேரா மாடிக்குப் போய், மத்தியானம்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த தங்கமாரி காலைப் பிடிச்சுனு அழுதிருக்கா. "ஏட்டி, விடு! கால் கூசுது!"ன்னு அவ போட்ட சத்தம் கீழே வரைக்கும் கேட்டுது.

28-7, ஞாயிறு

யாக்கோபு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோட. "பாட்டி, உங்க பேத்தி பேசலைன்னா என் பொழப்பு போயிருக்கும். வயர் வேலை எதுக்குன்னு கேட்டேன், அது தப்பு"ன்னார். எனக்கு முன்னாடியே யுவஸ்ரீகிட்டயும் சொல்லிட்டாராம்.

ஜூன் 14ஆம் தேதி பக்கத்தை எடுத்து கோடு போட்டு அடிச்சுட்டேன். அடிச்சாலும் படிக்க முடியுது. இருக்கட்டும்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஃபேனை வேணும்னே நிறுத்தி நிறுத்திப் பார்க்கறாங்களாம். இப்போ முதல்ல சங்கு, அது ஊதினதுக்கு அப்புறம்தான் "கெடைச்சுது". பதில் வரலைன்னா பெட்டி விடாம மறுபடி மறுபடி அனுப்பும்.

"ஒரே சேதி பத்து தரம் வந்து, சங்கு பத்து தரம் ஊதினா?"

"ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நம்பர் ஆயா. ஏற்கெனவே ஊதின நம்பர்னா மறுபடி ஊதாது, பதில் மட்டும் போகும்."

செங்கமலமும் பத்து பேர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கலாம். பாவம், ஒருத்தனை நம்பினா.

7-11, வியாழன்

இன்னிக்கு நிஜமாவே ஃபேன் நின்னுது. எஸ்.எம்.எஸ். போகலை. சங்கு ஊதிச்சு! பூத்ல இருந்த ஆறு பேரும் நடந்து வெளிய வந்துட்டாங்க. தங்கமாரி கடைசியா வந்தாளாம், ஸ்ப்ரே கன்னை மூடி வச்சுட்டுத்தான் வருவேன்னு. அதுக்கு ஒரு திட்டு வச்சிருக்கேன்.

ஃபோன்ல கேட்டதும் சாமி விளக்கை ஏத்தினேன். யாருக்குன்னு நன்றி சொல்ல? முருகனுக்கு, யாக்கோபுக்கு, முகம் தெரியாத அந்த லைப்ரரிக்காரனுக்கு. எல்லாருக்கும்.

15-12, ஞாயிறு

யுவஸ்ரீக்கு வேலை நிரந்தரம் ஆச்சு. பகல்ல பாயசம் வச்சேன். யாக்கோபு வந்தார். தங்கமாரி ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு "சக்கரை கம்மி ஆச்சி"ன்னா. மரகதம் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா.

என் கொழுந்தனும் வந்தான். பெரியவனா ஆசீர்வாதம் பண்ணினான். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்தேன். இந்த வருஷம் யுவஸ்ரீ, யாக்கோபுன்னு ரெண்டு பேர் என் முன்னாடி "என் தப்பு"ன்னு சொன்னாங்க, அன்னிக்கே என் மனசு ஆறிடுச்சு. இவனுக்கும் ஒரு வாய்ப்பு குடுப்போம்னுதான் கேட்டேன்.

"செங்கமலம் சொல்லி அனுப்பின சேதியை என்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே அண்ணி! நீங்க மாட்டுக்கு தண்ணி காட்டினு இருந்தீங்க. உங்க காதுல வுழலை, நான் இன்னா பண்றது?"

எல்லாரும் இலையைப் பார்த்தாங்க. நான் பாயசப் பாத்திரத்தை மூடி வச்சேன். அந்த மாட்டை நாங்க வித்தது 1986 தை மாசம். அக்கா செத்த ஆனியில எங்க வீட்டுல மாடே கிடையாது.

இவ்ளோ நாள் எழுதாம வச்சிருந்த பேரை இன்னிக்கு எழுதிடறேன். எனக்கு அப்புறம் இதைப் படிக்கிறவங்க தேட வேணாம்.

குமாரவேல்.