வண்டிக்கு ஹாரன் இல்ல, நீ கத்து தாயி

அண்ணாச்சி,

நேற்று போடிமெட்டுக்குச் சற்று முன்னால், ஒரு டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு, நகம் அளவு நீலநிற பியூஸ் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் போய் ஏழு வருடம் ஆகிறது. இன்னும் மலை இறங்கினால் உங்கள் நினைப்பில்லாமல் இறங்க முடியவில்லை.

கார் என் மகளுடையது. ஓட்டிவந்தவளும் அவள்தான். முன்னால் ஏபிஎஸ் என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. ஓரம் கட்டினோம். "அது என்னடி ஏபிஎஸ்?" என்று கேட்டேன். "ஈர ரோட்டுல பிரேக்கை ஒரே அமுக்கா அமுக்குனா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும்லம்மா, அப்படி ஆகாம வண்டியே விட்டு விட்டுப் பிடிக்கும்" என்றாள். உங்கள் வலது காலை அல்லவா செய்து வண்டிக்குள் வைத்துவிட்டார்கள்!

அது ஒரு ஆடி மாதம். இவள் என் வயிற்றில் இருந்தாள். சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டத்தில் நாங்கள் கூலி, நீங்கள் ஜீப் டிரைவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை உங்களுக்கு. காலையிலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, போடி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். நீங்கள்தான் ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்து என்னைக் கிடத்தினீர்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போடிமெட்டைத் தாண்டுகிறோம், மூடிவிட்டது பனிமூட்டம். பட்டப்பகலில் எதிரே வரும் லாரி தெரியவில்லை. நீங்கள் விளக்கைப் போட்டீர்கள். மினுங்கிவிட்டு அணைந்துபோனது.

இறங்கிப்போய் பியூஸ் பெட்டியைத் திறந்தீர்கள். இரண்டே இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்று விளக்குக்கு, ஒன்று ஹாரனுக்கு. விளக்குக்கு உரியதைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தீர்கள். உள்ளே இருந்த மயிரிழைக் கம்பி அறுந்து கருகியிருந்தது.

"மாத்து பியூஸ் இருக்கா அண்ணாச்சி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்கு. வீட்ல, தகரப்பெட்டியில" என்றீர்கள்.

"அங்க எதுக்கு வச்சீங்க?"

"மலையாளத்து ஒர்க்ஷாப்காரன் தந்தப்பவே சொன்னான், 'கோட வரும்போள் ஸ்பேர் பியூஸ் கையில் வேணம் கேட்டோ'ன்னு. கோடைக்குத்தானே, சித்திரை வரட்டும்னு பூட்டி வச்சேன்."

அவ்வளவு வலியிலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அண்ணாச்சி, மலையாளத்துல கோடன்னா இந்த மூடுபனிதான்!" என்றேன். தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

என் வீட்டுக்காரர் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை உருவி, "இதைச் சுத்திப் போடுங்க, போயிரலாம்" என்றார். நீங்கள் அதைப் பிடுங்கி எறிந்தீர்கள். "வண்டி எரிஞ்சா பிள்ளைத்தாச்சிய எங்கவே தூக்கிட்டு ஓடுவீரு? எதுக்குப் போச்சுன்னு முதல்ல பாக்கணும்." விளக்குக்குப் போகும் ஒயரைத் தடவிக்கொண்டே போனீர்கள். ஓரிடத்தில் உரசித் தோல் உரிந்திருந்தது. வேட்டி நுனியைக் கிழித்துச் சுற்றினீர்கள். பிறகு ஹாரன் பியூஸைக் கழற்றி விளக்குக்குப் போட்டீர்கள். விளக்கு எரிந்தது.

"இனி ஹாரனுக்கு?" என்றார் இவர்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். "கத்து தாயி. வளைவு வரும்போது சொல்லுதேன், நல்லா வாய்விட்டுக் கத்து. வண்டிக்கு ஹாரன் இல்ல."

ஐயோ, எப்படிக் கத்தினேன்! பொம்பளை சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வளர்த்த வாய் அது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மலையே திருப்பிக் கத்தியது. கீழேயிருந்து ஏறிவந்த ஒரு லாரி, என் சத்தம் கேட்டு, வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாங்கள் ஒட்டி உரசிக் கடந்தபோது லாரி டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நடு நடுவே வலி விடும்போது சீட்டுக்கு இடையில் உங்கள் கால் எனக்குத் தெரிந்தது. செருப்பில்லாத கால். ஈர ரோட்டில் அது பிரேக்கை மிதித்தது, விட்டது, மிதித்தது, விட்டது. ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. மேலே முகம் வியர்த்து ஊற்றுகிறது, கீழே அந்தக் கால் தொட்டில் ஆட்டுகிற மாதிரி நிதானமாக இருக்கிறது. மாரியாத்தாளை விட்டுவிட்டு அந்தக் காலைத்தான் கும்பிட்டேன். அவள் கோபித்திருக்க மாட்டாள்.

போடியில் இவள் பிறந்தாள். அறுத்துத்தான் எடுத்தார்கள். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். நீங்கள் பிள்ளையை எட்டிப்பார்த்து, "ஹாரன் குட்டி" என்றீர்கள். தோட்டம் முழுக்க அதுவே பேராகிப்போனது.

நேற்று அந்த ஹாரன் குட்டி இன்ஜினை அணைத்து, வண்டிப் புத்தகத்தைப் பார்த்து, பியூஸ் பெட்டி மூடியில் இருந்த படத்தில் ஏபிஎஸ்ஸைத் தேடி, குட்டி இடுக்கியால் பியூஸை உருவினாள். நான் வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தேன். கம்பி அறுந்திருந்தது.

நீலம் பதினைந்து ஆம்பியர்; மாற்றுக்கு இருபது ஆம்பியர் மஞ்சள் ஒன்றுதான் இருந்தது. "பதினஞ்சு இருந்த இடத்துல இருபதைப் போட்டா என்னம்மா?" என்றாள்.

"கையை எடுடி, ஒயர் எரிஞ்சிரும். சாதா பிரேக் இருக்கா?"

"அது இருக்கு. பிரேக் கெட்டா எரியுற சிவப்பு விளக்கு எரியலையே."

"அப்ப செருப்பைக் கழத்து. மெதுவா இறங்கு. விட்டு விட்டு மிதி."

கோட இறங்கியிருந்தது. இப்போது எனக்கும் அதற்கு வேறு பேர் வருவதில்லை. அவள் கால் மிதித்தது, விட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வளைவு வந்ததும், அண்ணாச்சி, என்னை மீறிக் கத்திவிட்டேன்.

"ஏம்மா கத்துற? ஹாரன் நல்லாத்தான் இருக்கு!"

"இருக்கட்டும்டி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அடுத்த வளைவில் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளும் சேர்ந்து கத்தினாள்.

உங்களுக்குக் கேட்டதா?