கழியைப் படுக்கவைத்து அளந்தோம்

கழிவுநீர் லாரி இன்று காலையும் உன் வீட்டுச் சந்தில் நின்றது. அதன் குழாய் உன் வாசலைத் தாண்டி அடுக்குமாடியின் தொட்டிக்குள் போகிறது. அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் உன் ஞாபகம் வருகிறது, மச்சான். செத்துப்போன கூட்டாளியை நினைக்க இந்த ஊரில் எனக்கு வேறு வாசனை மிச்சமில்லை.

நீ இருந்தபோது, உன் வீட்டுப் பக்கத்தில் மூடிப்போன ஐஸ் கம்பெனி மனையில் அடுக்குமாடி வருகிறது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். நமக்கு இருந்த ஒரே கவலை சந்து. எதிரெதிரே வலை சுமந்து வருகிறவர்கள் உரசாமல் போக, ஏரியில் படகு தள்ளும் கழியின் நீளத்துக்கு வழி விடுவது நம் வழக்கம். உன் கழியையே கொண்டுவந்தாய். நீ ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து, மண்ணில் படுக்கவைத்து அளந்தோம். "எத்தினி மாடின்னு கேப்பமா?" என்றேன்.

"ஆகாசத்துலயா வலைய காயப்போடப் போற? தரைய அளடா," என்றாய். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கட்டுகிறவன் சொன்ன சொல் தவறவில்லை. கழியின் நீளத்துக்குச் சந்து விட்டான். அதற்கு அப்பால் நான்கு மாடி ஏற்றினான். மதியத்துக்கு மேல் உன் முற்றத்தில் வெயில் இல்லை. காயப்போட்ட இறால் புழுத்தது. அடிபம்பில் நாற்றத் தண்ணீர் வந்தது. அங்கே ஓர் அறையில் ஐந்து பேராக முடங்கும் துறைமுகக் கூலிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினாறு குடித்தனத்துக்கு ஒரு வீட்டுக்கான தொட்டியைத் தோண்டியவன் மேல்தான்.

மகளைப் பொன்னேரியில் படிக்கவைக்க வீட்டை விற்கப் பார்த்தாய். தரகர் வந்தார். "பின்னாடி தெருன்னா இப்பவே ஆள் நிக்குது. மாடி வந்ததும் அங்க வெல ஏறிப்போச்சு. நெழல்ல கீற வூட்ட எவன் நைனா வாங்குவான்?"

பின்னாடி தெரு என் தெரு. அன்று நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐப்பசியில் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன் வீடு இன்னும் விற்கவில்லை. உன் மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

நேற்று மறுபடி கூட்டம். உன் வீட்டுக்கு மறுபக்கத்துக் காலி மனையில் இன்னோர் அடுக்குமாடியாம். கட்டுவதும் அதே ஆள். அதுவும் எழும்பிவிட்டால் உன் வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. சந்தை அளக்கக் கழி கேட்டார்கள். உன் வீட்டிலிருந்து எடுத்துப்போய், நடுக்கூட்டத்தில் நிமிர்த்தி நட்டேன். "இதுக்கு மேல ஒசரம் போனா ஊர் சம்மதம் கெடையாது," என்றேன்.

"செத்தவனுக்காக எங்க வூட்டு வெலைய எறக்கறியாடா?" என்று கேட்டது என் சொந்தச் சித்தப்பா.

"ஆமா. என் வூட்டு வெலையும் சேத்துதான்."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. கழி என்னிடம்தான் இருக்கிறது. படுக்கவைத்து அளக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நிமிர்த்திப் பிடிக்க நான் ஒருவன் போதும்.