பின்முடுக்கை அடைக்க விடமாட்டேன்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? போன வாரம் எனக்கு லேசான காய்ச்சல். நானே கஞ்சி வைத்துக் குடித்தேன், இப்போது நல்ல சுகம்.

கோட்டாற்றில் நம் பழைய தெருவைப் புதுப்பிக்கும் வரைபடத்தை வாப்பா அனுப்பியிருந்தார்கள். கழிவுநீர் ஓடை, விளக்கு எல்லாம் சரி. ஆனால் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடக்கும் குறுகலான முடுக்கை அடைத்து, கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். போனில் வாப்பாவிடம் கேட்டால், "அது சும்மாதானே கெடக்கு மக்கா, அதுல ஆரு நடக்கா?" என்கிறார்கள். ஆண்கள் கால் வைக்காத வழி, வாப்பாவுக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டில் காய்ச்சல் என்றால் கஞ்சி வருவது அந்த வழியாகத்தானே?

ஷார்ஜாவில் உட்கார்ந்து யார் யார் ஊருக்கோ தெரு வரைகிறேன், நம் முடுக்கை விடுவேனா? அதைச் சேர்த்துப் புதிதாக வரைந்து, இன்று ஊருக்கு வரும் உபைத் காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். தெருக் கூட்டத்துக்கு ராவியத்து மாமியோடு நீங்களே போய்ப் பேசுங்கள். பெண்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், நடப்பவர்கள் நாங்கள் என்று சொல்லுங்கள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் முடுக்கில் வரும் நேரத்தில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். எந்தெந்தக் கதவு திறக்கிறது என்று நான் குறிக்க வேண்டும்.

வரைபடத்தை வாங்க உபைத் காக்கா கீழே வந்துவிட்டார். வீடியோவில் சத்தத்தை மட்டும் நீக்கிவிடாதீர்கள், உம்மா. "அஃப்னா எப்ப வாரா?" என்று யாராவது கேட்டால், அதுவும் இருக்கட்டும்.

மகள்
அஃப்னா