ஒன்பது மாதம் வீட்டுக்குள் வராத சீஸ்

அன்புள்ள மகளுக்கு,

மாதக்கணக்கில் முதிரவைத்த கெட்டியான சீஸை, மேல்தோலை நீக்கிவிட்டு உண்ணலாம். நம் நார்மண்டியின் பச்சைப்பால் சீஸை, அந்த மென்மையானதை, பிள்ளை பிறக்கும்வரை தொடாதே. உன் மருத்துவர் சொன்னதும் இதுதான். ஆனாலும், “என்னைச் சுமந்தப்ப நீ சாப்பிட்டிருப்பியேம்மா” என்று எழுதியிருக்கிறாய்.

இல்லை. உனக்கு முந்தைய பிள்ளையைச் சுமந்தபோது உண்டேன். விருந்தின் முடிவில் சீஸ் தட்டு வந்தது, குமட்டலால் தயங்கினேன். “பாரிஸ்ல படிச்சவளுக்கு நம்ம மாட்டுப்பால் எறங்காதோ?” என்றார் என் மாமியார். ரோஷத்தில் இரண்டு துண்டுகள் உண்டேன். சில வாரங்களில் காய்ச்சல் கண்டது. வாங்கிவைத்த தொட்டிலை உன் அப்பா பரணில் ஏற்றினார். சீஸில் இருந்த கிருமிதான் காரணம் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

மூன்று ஆண்டுகள் கழித்து நீ வயிற்றில் வந்தாய். சீஸ் செய்தே பிழைத்த உன் அப்பா, ஒன்பது மாதமும் தம் பங்கைத் தொழுவத்தில் நின்று உண்டார். கைகழுவி, வாய் கொப்பளித்த பிறகே உள்ளே வந்தார். “பசுங்களோட ஒரு பேச்சுவார்த்தை” என்பார். மழையில் நனைந்த அவருடைய கோட்டின் வாடை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

தொட்டிலுக்கு வண்ணம் பூசி அனுப்புகிறேன். நீ கிடந்ததும் அதில்தான். உன் கணவனுக்குத் தொழுவம் இல்லை. மாடிப்படியில் நின்று உண்ணட்டும்.

உன் அம்மா