மஃரிபு நேரத்தில் அந்த மோட்டர்

கொண்டச்சி

என் கண்ணான மகன் இன்பாஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. நீ கட்டாரில் நல்ல சுகத்தோடும் ஈமானோடும் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் அந்த ஒரு சொல்லை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் அதை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். நாள்தோறும் போனில் பேசுகிற உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போன் வந்தால் உன் வாப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லித் தானும் கேட்டுக்கொண்டிருப்பார், முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு போனாலும் யாருக்கு என்ன ரகசியம் என்று கூப்பிடுவார். நம் ஊர்ச் சாஹுல் ஹமீட் விடுமுறை முடிந்து டோஹாவுக்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் பாரைக் கருவாடும் தொதல் இனிப்பும் கொடுத்து விடுகிறேன். கருவாட்டை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுச் சுற்றியிருக்கிறேன், அவன் உடுப்பெல்லாம் மணக்கும் என்று முறைப்பட்டான், மணத்தால் மணக்கட்டும் என்றேன். உன் தங்கச்சி றிப்காவின் குழந்தைக்கு முன்பல் வந்துவிட்டது, தாயின் விரலைக் கடித்துவிட்டுச் சிரிக்கிறாள். இந்த வீட்டில் இப்போது சிரிக்கிற ஆள் அவள் மட்டும்தான்.

மோட்டரைப் பற்றித்தான் எழுத வேண்டும் மகன், அதை நீ மனம் நோகாமல் வாசிக்க வேண்டும். மின்சாரக் கம்பி இன்னும் நம் ஒழுங்கைக்கு வரவில்லை, நீ சோலாரும் பற்றறியும் இன்வேட்டரும் பூட்டித் தந்தபடியால்தான் இந்த வீட்டில் வெளிச்சம் இருக்கிறது. பழைய சின்ன மோட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறைக்கிறது என்று போன முறை வந்தபோது பெரிய மோட்டர் ஒன்றும் வாங்கிப் பூட்டினாய். வாப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டது உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது அவருக்கு நெஞ்சு வருத்தம் இல்லை, நீ போன பிறகு வந்த அந்தக் காய்ச்சலில்தானே நுரையீரல் கெட்டு ஒட்சிசன் மெசின் வீட்டுக்கு வந்தது. வேலிக்கு வெளியே வாப்பா வைத்த குழாயும் உனக்குத் தெரியும். ஊர்க் கிணறுகள் பலதில் உவர் ஏறிவிட்டது, நம்முடையது இன்னும் நல்ல தண்ணீர். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் வழியில் நின்று கைகால் முகம் கழுவி வுழூ எடுக்கவும் பிள்ளைகள் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு போகவும் தன் உம்மா வாப்பாவின் பேரில் தர்மமாக, ஸதக்காவாக வைத்த குழாய் அது. குழாயைத் திறந்தால் மோட்டர் தானாகத் தொடங்கும், மூடினால் நிற்கும். மற்ற நேரங்களில் ஒருவர் இருவர்தான் வருவார்கள், மஃரிபுக்குத்தான் கடலால் வந்தவர்கள், வயலால் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். ஒருவர் திறந்து மூட, அடுத்தவர் திறந்து மூட, மோட்டரும் ஒவ்வொரு தடவையும் நின்று நின்று புதிதாகத் தொடங்கும். அது வெயில் விழுந்த நேரம், பற்றறி மட்டும்தான் வீட்டைத் தாங்குகிற நேரம்.

மெசின் வந்த புதிதில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் குழாயடியில் ஆட்கள் கூடுவார்கள். மோட்டர் உறுமும், லைற் மங்கும், இன்வேட்டர் கத்திவிட்டு விழும், வீடு இருண்டு போகும், வாப்பாவின் அறையில் மெசின் கீச்சென்று கூவிக்கொண்டு நிற்கும். நான் ஓடிப்போய் ஆஸ்பத்திரி தந்த சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிக் கொடுப்பேன், இருட்டில் திருகாணி பிடிபடாது. உன்னிடம் சொன்னபோது பற்றறி பழசாகியிருக்கும், மாற்றுவோம் உம்மா என்றாய். பிறகு கொஞ்ச நாளாக இன்வேட்டர் விழவே இல்லை. குழாயில் ஆட்கள் நிற்பார்கள், மோட்டர் தொடங்கும், லைற் ஒரு கணம் மங்கி நிமிரும், அவ்வளவுதான். நானும் மடைச்சி போல அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, எல்லாம் சரியாகிவிட்டது, பற்றறி மாற்றத் தேவையில்லை என்று உனக்கும் சொன்னேன். வாப்பா பக்கத்தில் இருந்து அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன கிழமை மஃரிபுக்கு வுழூ எடுத்துவிட்டு வந்து பார்த்தால் தொழுகைப் பாயைக் காணவில்லை, அது வாப்பாவின் அறையில் கதிரைமேல் கிடந்தது. இன்வேட்டர் விழாத பிறகு அந்த நேரம் நான் அவர் அறைக்குப் போகிறதே இல்லை, மற்ற அறையில் தொழுதுகொண்டிருப்பேன், றிப்கா குழந்தையோடு குசினியில் இருப்பாள். பாயை எடுக்கப் போனால் அறையில் மெசினின் சத்தமே இல்லை. மூக்கில் குழாய் அப்படியே இருக்கிறது, வாப்பா கட்டிலில் நிமிர்ந்து இருந்து இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்குகிறார், உதடு நாவல்பழம் தின்றவர் போல நீலம். மெசினின் சுவிச் நிற்பாட்டியிருக்கிறது. நான் கத்தப்போக, அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். “தண்ணி ஓடி முடியட்டும் புள்ள. அதுவரைக்கும் நான் மெள்ள மூச்செடுத்துக்கொண்டு இருப்பன்” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது மகன். மெசினை நிற்பாட்டினால் மோட்டருக்கு இடம் கிடைக்கும், இன்வேட்டர் விழாது என்று அவர் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். கொஞ்ச நாளாகப் பாங்குச் சத்தம் கேட்டதும் தன் மூச்சை நிற்பாட்டிவிட்டு, குழாயடியில் ஆட்கள் பேசுகிற சத்தம் ஓய்ந்த பிறகுதான் திரும்பவும் போட்டிருக்கிறார். நான் மெசினைப் போட்டுவிட்டு அவர் காலடியில் இருந்து அழுதேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், குழாயை நீ மூடிவிடுவாய், மோட்டர் பிழை என்று மகன் மனம் உடைந்து போவான் என்கிறார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியமும் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

மறுநாளே முருங்கனிலிருந்து அன்ரனியை வரவழைத்தேன், சோலார் பூட்டியவன்தானே. கம்பியில் கவ்வி மீற்றரைப் போட்டுக் கரண்ட் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு, மோட்டரில் பழுது இல்லை, ஓடும்போது எடுப்பது கொஞ்சம், தொடங்குகிற அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கிறது என்றான். கரையில் கிடக்கிற வள்ளத்தை அசைக்கத்தான் பத்துப் பேர் வேண்டும், தண்ணீரில் இறங்கினால் ஒருவர் போதும், அதுபோலத்தானாம். மோட்டரை மெல்ல மெல்லத் தொடக்குகிற பெட்டி ஒன்று இருக்கிறது, சொஃப்ட் ஸ்டாட்டர் என்கிறான், இந்த மோட்டருக்குப் பொருந்துவது கொழும்பிலிருந்து வரவேண்டும், சொல்லிவிட்டிருக்கிறான். அதைவிட முக்கியம் உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி என்றான். உச்சி வெயிலில் ஒரே தடவை மோட்டரைப் போட்டு நிரப்பிவிட்டால் அந்திக்கு எத்தனை பேர் குழாயைத் திறந்தாலும் மோட்டர் தொடங்கத் தேவையில்லை. மெசினுக்கென்று தனியாகச் சின்ன பற்றறியும் இன்வேட்டரும் வைத்தால் மோட்டர் என்ன செய்தாலும் மெசின் நிற்காது என்றும் சொன்னான். இவ்வளவு லேசான வழி இருக்க வாப்பா சம்மதிக்கவில்லை. கிணற்றிலிருந்து அப்படியே வருகிற தண்ணீரைத்தான் நான் கொடுப்பதாக மனதில் நிய்யத் வைத்தேன், தேங்கின தண்ணீரை அல்ல என்று பிடிவாதம். மௌலவியைக் கூப்பிட்டு வந்து, தாங்கித் தண்ணீரும் அதே தண்ணீர்தான், நன்மை குறையாது, உயிரைக் கெடுத்துக்கொள்வதுதான் கூடாது என்று சொல்ல வைத்தேன். பிறகுதான் தலையை ஆட்டினார். தூண் கட்டியாகிவிட்டது, சீமெந்து இறுக வேண்டும், அதன்பிறகுதான் தாங்கி ஏறும். அதுவரை வெளிக் குழாயைப் பூட்டிவிட்டு, மத்தியானமே பெரிய பீப்பாவில் நிரப்பிக் கோப்பையும் போட்டு வைக்கிறோம். ஊர் ஆட்கள் விசயம் தெரிந்து கண் கலங்கிவிட்டார்கள், இப்போது பீப்பாவடியில் சத்தம் போடாமல் வுழூ எடுத்துப் போகிறார்கள்.

இனி என்ன பயம் என்று நீ கேட்பாய். நேற்றும் பாங்கு சொன்னதும் அவர் கை சுவிச்சுக்குப் போனது மகன். வெளிக் குழாய் பூட்டியிருக்கிறது என்று தெரியும், மோட்டர் தொடங்காது என்று தெரியும், ஆனாலும் யாராவது தாகத்தோடு வந்து உள்குழாயைத் திறந்தால் என்ற நினைப்பு அவருக்கு. மெசினைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், எழும்பி நடந்து போகிறார், அது அதைவிடப் பயம். இப்போது அவர் அறையிலேயே பாயை விரித்துத் தொழுகிறேன், ஆனால் ஸுஜூதில் தலையை வைத்தால் அவர் கையைப் பார்க்க முடியாதே. தலை நிலத்தில் இருக்கிறது, காது மெசினில் இருக்கிறது, என் தொழுகை என்ன தொழுகையோ அல்லாஹ் மன்னிக்க வேண்டும். மாரி காலமும் வருகிறது, வெயில் குறைந்தால் பற்றறி இன்னும் இளைக்கும்.

பெரிய பற்றறி அனுப்பு என்று உன்னைக் கேட்கவில்லை. மெசினுக்கென்று அன்ரனி சொன்ன அந்தச் சின்ன பற்றறியையும் இன்வேட்டரையும் மட்டும் பார்த்துச் செய். மோட்டரை நினைத்து உன்னை நீயே திட்டிக்கொள்ளவும் வேண்டாம், அந்தத் தண்ணீரால் எத்தனையோ பேருடைய துஆ உனக்குக் கிடைத்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, சுபஹுத் தொழுகையைத் தவற விடாதே. இந்தக் கடிதத்தைப் பற்றி வாப்பாவிடம் மூச்சு விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தந்து, நீ வந்து சேரும்வரை வாப்பாவையும் எங்களுக்கு வைத்திருக்கட்டும், ஆமீன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இங்கே மஃரிபு பாங்கு சொல்லும்போது உனக்கு அங்கே வேலை நேரம் என்று தெரியும், ஆனாலும் மேலாளரிடம் கேட்டு அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் நாள்தோறும் வாப்பாவுக்குப் போன் எடு. ஒரு கை கட்டில் சட்டத்தில், மற்றக் கையில் போன் இருந்தால் அவர் சுவிச்சைத் தேடமாட்டார். என்ன பேசுவது என்று யோசிக்காதே, சமைத்ததைச் சொல், சம்பந்தமில்லாததைச் சொல். அவர் பதில் சொல்லாவிட்டாலும் வைத்துவிடாதே. பேசும்போது அவர் குரலுக்குப் பின்னால் மெசின் இரைகிற சத்தம் உனக்குக் கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டே இரு. அது நின்றுவிட்டால் உடனே றிப்காவின் போனுக்கு அடி, நான் ஸுஜூதில் இருப்பேன்.

துஆவோடு,
உன் உம்மா
வ. நூர்ஜஹான்